கடைசி நாற்காலிக்குப் பின்

நாற்காலியின் இடது பக்கத்தில் மட்டும் உறைபனி பிடித்திருந்தது.

மார்னி காப்பிக் கோப்பையோடு நின்று அதைப் பார்த்தாள். அக்டோபர் இன்னும் முடியவில்லை. வெளியே மேப்பிள் மரங்களில் பாதி இலை சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கண்ணாடி அடைத்த தாழ்வாரத்துக்குள் வெயில் தாராளமாக விழுந்து தரைப்பலகையைச் சூடாக்கி, மூலையில் அடுக்கியிருந்த விறகிலிருந்து பிசின் வாசனையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில், உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய அந்த இருவர் நாற்காலியில், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. அதுவும் பரவலாக இல்லை. இரண்டு தொடை, ஒரு முதுகு. ஆள் உட்கார்ந்த அச்சு.

அவள் சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தாள். மாட்டுப் பண்ணையில் பிறந்து, மர மில்லில் அறுவை வாளுக்கு முன்னால் நின்று சம்பாதிக்கிறவள். பயப்படுவதற்கு அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளை மறுபடி படிந்திருந்தது.

அது மலையின் பழைய லிஃப்ட் நாற்காலி. அவள் மாமனார் ஹார்லன் வாழ்நாளெல்லாம் அந்த லிஃப்டைத்தான் ஓட்டினார். பனியில் சறுக்க வருகிறவர்களைக் கீழே ஏற்றிவிட்டால் கம்பிவடத்தில் தொங்கியபடி பள்ளத்தாக்கைத் தாண்டி உச்சிக்குப் போவார்கள். இந்தக் கோடையில் அதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். பழைய நாற்காலிகளை வண்டி நிறுத்துமிடத்தில் பரப்பி விற்றார்கள். அந்த ஊரில் வாசலுக்கு வாசல் அப்படி ஒன்றை ஊஞ்சலாகக் கட்டுவது வழக்கம்தான். மார்னியின் புருஷன் கர்ட்டிஸ் வரிசையில் கிடந்த துருப்பிடித்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கொட்டகைக்குள் தனியாகக் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. வெகுகாலமாக வடத்தில் ஏறாமல் கிடந்த நாற்காலி. ஏன் ஏற்றாமல் போட்டு வைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பொருள் மலிவாகக் கிடைத்தால் யார் கேட்பார்கள்.

அப்பாவின் பிறந்தநாளன்று போர்வை போட்டு மூடி வைத்திருந்து, கண்ணைக் கட்டிக் கூட்டி வந்து காட்டினான். ஹார்லன் பார்த்தார். முகம் ரத்தமற்று வெளுத்ததை மார்னி கவனித்தாள்.

"காலம் பூரா மத்தவங்கள ஏத்தி விட்டீங்கப்பா. இன்னிக்கு நீங்க ஏறுங்க," என்றான் கர்ட்டிஸ்.

"முழங்கால் சரியில்லடா," என்றார் கிழவர்.

"அவருக்கு முழங்காலத் தவிர எல்லாம் ஓடும், வாய் முதக்கொண்டு," என்றாள் மாமியார் டோரீன். எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன் அதில் உட்காரவே இல்லை. அதற்குப் பிறகு எதிர்வீட்டிலிருந்து இங்கே சாப்பிட வரும்போதெல்லாம் தாழ்வாரத்து வழியை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார்.

வரப்போகும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு எல்லோருமாக மலைக்குப் போவதென்று கர்ட்டிஸ் முடிவு செய்தான். தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள், சரிவின் அடியிலேயே ஒரு மரவீடு. ஏழு வயது டெஸ்ஸுக்குச் சறுக்கு வகுப்பு, மூன்று வயது மைலோவுக்கு வெறும் பனியில் புரளல். ஹார்லன் முதலில் ஒரேயடியாக மறுத்தார். அந்த மலையில் இனிக் கால் வைப்பதில்லை என்றார். தாத்தா வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று டெஸ் உட்கார்ந்துகொண்டதும் இறங்கி வந்தார். பேத்தி என்றால் அவருக்கு உயிர். அவர் ஒரு மனுஷரிடம் மென்மையாகப் பேசி மார்னி கேட்டதென்றால் அது டெஸ்ஸிடம்தான்.

அடுத்த வாரம் டெஸ் பள்ளி விட்டு வந்து நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள். உள்ளே வந்தபோது அவள் இடது கை விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. மார்னி அவற்றைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கினாள். பிள்ளை வலியில் துடித்தது. பனிக்கடி என்றார் டாக்டர். இந்த மாதத்திலா, குழந்தை ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டதா என்று அவர் கேட்டபோது, பிள்ளையை ஏதோ செய்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் மார்னியைப் பார்த்தார்.

வண்டியில் திரும்பும்போது டெஸ் சொன்னாள்: "நாற்காலியில பக்கத்துல உக்காந்திருந்த மாமா கையப் புடிச்சுக்கிட்டாரும்மா. தாத்தாகிட்ட மோட்டாரப் போடச் சொல்லுன்னாரு."

மார்னி ரேடியோவை அணைத்தாள்.

அன்று பாத்திரம் துடைக்கும்போது, அந்த லிஃப்டில் யாராவது செத்திருக்கிறார்களா என்று மாமியாரிடம் கேட்டாள். டோரீன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும். பிறகு ஊர் அறிந்த கதையைச் சொன்னாள். எமில் பூஷே என்று ஒரு மெக்கானிக், ஹார்லனோடு வேலை பார்த்தவன். சாயங்காலம் மூடும்போது, இதற்குப் பின் ஆள் இல்லை என்று காட்டக் கடைசி நாற்காலியில் ஒரு பலகையை மாட்டி அனுப்புவார்கள். அது உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலே இருப்பவன் போன் செய்வான், கீழே மோட்டாரை நிறுத்துவார்கள். எமில் எதையோ எடுக்க அந்தப் பலகைக்கு வெகு பின்னால் வந்த ஒரு நாற்காலியில் யாரிடமும் சொல்லாமல் ஏறிவிட்டான். பள்ளத்தாக்குக்கு மேலே வடம் நின்றுபோயிற்று. கடுங்குளிர். காலையில் இறக்கியபோது உட்கார்ந்தபடியே இருந்தான். நிமிர்த்த முடியவில்லை. கொட்டகையில் அடுப்பு மூட்டி, இளகும்வரை காத்திருந்துதான் பெட்டியில் கிடத்தினார்கள். அந்த நாற்காலியை மறுபடி வடத்தில் ஏற்றவில்லை.

"சொல்லாம ஏறினது அவன் தப்புன்னாங்க," என்றாள் டோரீன். அந்த 'னாங்க'வில் ஏதோ இருந்தது. மார்னி அதைப் பிடித்துக் கேட்பதற்குள் கிழவி துணியை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மார்னி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். சங்கிலியின் போல்ட் அசையவில்லை. முழு எடையையும் போட்டாள். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கர்ட்டிஸ் கட்டுப் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடியட்டும், திங்களன்று ரம்பம் போட்டு அறுத்துவிடலாம் என்றான். குரலில், பைத்தியத்துக்கு ஈடுகொடுக்கிற பொறுமை இருந்தது. மார்னி தாழ்வாரக் கதவில் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தப் பக்கம் போனால் முதுகுத்தோல் உரியும் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தாள்.

ஞாயிறு நான்கரைக்கே இருட்டிவிட்டது. பன்றித்தொடை வறுவலும் உருளைக்கிழங்கும் காலியான மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மரவீட்டில் யாருக்கு எந்த அறை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹார்லனுக்குப் படி ஏற முடியாது, கீழ் அறை வேண்டும். டோரீனோ அவர் குறட்டைக்கு அடுத்த மலையில்தான் தனக்கு அறை வேண்டும் என்றாள். அடுப்பில் ஆப்பிள் கேக் வெந்து இலவங்கப்பட்டை மணத்தது. மைலோ மேஜைக்கடியில் தாத்தாவின் செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். போன வருடத்து ஸ்கீ உடுப்பு டெஸ்ஸுக்கு இன்னும் அளவாக இருக்குமா என்று பேச்சு வந்தது. போட்டுப் பார் போ என்று கர்ட்டிஸ் சொன்னான். சொல்லிவிட்டு, மைலோவைத் தூக்கிக்கொண்டு, ஸ்கீ சறுக்குப் பலகைகளை இறக்க மாடிக்குப் போனான்.

மார்னி கேக்கை வெளியே எடுத்து வைத்தாள். கத்தியைத் தேடினாள். வெட்டினாள். அப்போதுதான் காலில் குளிர் பட்டது. தரையோடு தரையாக, நீர் பரவுவதுபோல் வந்த குளிர். அதில் ஒரு வாசனை. இரும்பு, கிரீஸ், பழைய பனி.

ஸ்கீ உடுப்பு இருக்கும் பெட்டி தாழ்வாரத்தில் இருந்தது.

கதவு திறந்து கிடந்தது.

டெஸ் நாற்காலியின் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆள் விழாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி மடிமேல் இறங்கியிருந்தது. கண்ணிமைகளில் வெள்ளை. உதடு நீலம். இடது பக்கம் காலி. ஆனால் நாற்காலி இடது பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கனத்த ஆண்பிள்ளை ஒருவன் உட்கார்ந்தால் சாய்கிற அளவு.

மார்னி கம்பியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கட்டுத்துணி கிழிந்தது. பிள்ளையின் இடுப்பைப் பிடித்து உருவப் பார்த்தாள். உடல் விறைத்திருந்தது. மூச்சு இருந்தது, மெலிதாக, புகைபோல.

"மாமா!"

ஹார்லன் வாசலில் வந்து நின்றார். பின்னால் டோரீன். கிழவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"தாத்தா," என்றாள் டெஸ். வாய் சரியாக அசையவில்லை. "மோட்டாரப் போடணுமாம்."

ஹார்லன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசியது பேத்தியிடம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலியிடத்திடம்.

"போடத்தான்டா இருந்தேன். கொஞ்ச நேரம் குளிரட்டும்னுதான் நிறுத்தினேன். நீ என்னைக் குடிகாரன்னு மேனேஜர்கிட்ட சொன்ன. சொன்னியா இல்லியா?"

"மறந்துட்டீங்களா?" என்றாள் மார்னி.

பதிலை டோரீன் சொன்னாள்.

"மறக்கல. அன்னிக்கு சாராயக்கடையிலேருந்து சிரிச்சுக்கிட்டே வந்து படுத்தாரு. என்ன சிரிப்புன்னு கேட்டேன். ஒருத்தனுக்குப் பாடம் நடத்திட்டு வந்தேன்னாரு. வெளிய காத்து ஊளையிட்டுச்சு. நல்லாத் தூங்கினாரு."

டெஸ்ஸின் இமையில் இருந்த வெள்ளை கன்னத்துக்கு இறங்கியது.

"வந்து உக்காருங்க மாமா," என்றாள் மார்னி.

"தீயணைப்புக்காரங்களக் கூப்பிடுறேன். அவங்ககிட்ட கருவி இருக்கு. போன் எங்க, டோரீன், போன்..."

பின்னால் நகர்ந்தார். பேத்தி என்றால் உயிர் என்றவர். இரண்டடி நகர்ந்தார்.

மார்னி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். இழுத்தாள். கனமான ஆள், மரக்கட்டைகளை இழுத்துப் பழகியவளுக்கு அது கனமில்லை. அவர் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு கெஞ்சினார். அவர் கையைப் பிடித்துக் கம்பிமேல் வைத்தாள்.

கம்பி எழுந்தது. எண்ணெய் போட்டதுபோல். தானாக.

பிள்ளையை வாரி டோரீனிடம் எறிந்தாள். திரும்பினாள். ஹார்லன் ஓடப் பார்த்தார். மார்னி இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினாள்.

அவர் உட்கார்ந்தார். கம்பி இறங்கியது.

எங்கோ ஒரு மோட்டார் முனகியது. வடம் கிறீச்சிட்டது. அந்த வீட்டில் வடம் இல்லை. நாற்காலி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. மார்னி சுவரோடு ஒட்டினாள். அவள் காலடியில் பலகை இருந்தது. அவர் காலடியில் இல்லை. இருட்டு. அடியில், வெகு அடியில், பனி மூடிய ஊசியிலை மர உச்சிகள். காற்று. ஹார்லன் காலை உதறினார். வார் அவிழ்ந்த செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவள் காதைக் கொடுத்து நின்றாள். விழுந்த சத்தம் வரவில்லை.

"மார்னி! மோட்டாரு! மோட்டார நிறுத்தாத!"

மோட்டார் நின்றது.

மார்னி உள்ளே வந்தாள். டெஸ் பாட்டியின் கம்பளிச் சட்டைக்குள் அழத் தொடங்கியிருந்தாள். நல்ல, சூடான, உரத்த அழுகை.

"கதவச் சாத்தும்மா," என்றாள் டோரீன். "குளிர் உள்ள வருது."

மார்னி சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

மாடிப்படியில் ஸ்கீகள் தடதடக்க, கர்ட்டிஸ் மேலிருந்தே கேட்டான்: "அப்பாவுக்குக் கீழ் ரூம்தான? பதிஞ்சிடவா?"

"அவரு வரலப்பா," என்றாள் டோரீன்.

மார்னி கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். இரண்டு கட்டில் போட்டால் அடைந்துபோகிற தாழ்வாரம் அது. அதற்குள் வெகு தூரத்தில், வெகு உயரத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு நாற்காலி தொங்கியது. பனி பெய்துகொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார், சத்தம் இங்கே வரவில்லை. இன்னொருவன் உட்கார்ந்த வாக்கிலேயே, கழுத்தை மட்டும் மெதுவாக, உறைந்த மரம் முறிவதுபோல் விட்டு விட்டு, அவர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.