செத்த கழுதை ஒழுங்கையின் சிரிப்பு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சமையலறைச் சுவரிலிருந்த அறிவிப்பான் மணியடித்தது. அதே நொடியில் குகதாசன் மிக்சியைப் போட்டார். சம்பலுக்குத் தேங்காய் அரைபட்ட சத்தத்தில், அறிவிப்பான் சொன்னதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

“நிப்பாட்டுங்கோப்பா! பேர் சொல்லுது!” என்று கத்தினாள் தவமலர்.

“அதுக்குத்தானே போட்டனான்,” என்றார் குகதாசன், பல்லெல்லாம் தெரிய.

தெருவின் புதுப்பெயரைத்தான் அது சொன்னது. ஒரே ஒரு தடவைதான் சொல்லும். கேட்டு மூன்று முறை திருப்பிச் சொன்னால்தான் அந்த விலாசத்தில் உங்கள் குரல் பதிவாகும். மிக்சியின் சத்தம் அடங்கியபோது அறிவிப்பானும் அடங்கியிருந்தது.

இந்தக் கூத்தெல்லாம், தெருப்பெயரை வாயால் சொன்னால் தானே ஓடிப்போகும் குரல்வண்டிகள் வந்த பிறகு தொடங்கியது. பிரிட்டனில் கோணல்மாணலான பெயர் கொண்ட தெருக்களுக்குப் பஞ்சமே இல்லை. இவர்கள் குடியிருந்தது ‘டெட் டாங்கி லேன்’. குகதாசன் அதைச் செத்த கழுதை ஒழுங்கை என்பார். பயணிகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது சிரித்தார்கள், சிரிப்புக்குள் சொன்னது வண்டிகளுக்குப் புரியவில்லை. எந்திரத்தைத் திருத்துவதுதானே முறை? இல்லை. சட்டம் போட்டு ஊரைத் திருத்தினார்கள். சிரிப்பூட்டும் பெயர் எதுவும் இருக்கக்கூடாதென்று கம்பத்துக்குக் கம்பம் சிரிப்புமானி பொருத்தினார்கள். ஒரு கம்பத்தடியில் சிரிப்பு அளவு மீறினால் நான்கே நிமிடத்தில் பெயர்த்துறை வண்டி வந்து நிற்கும். நடப்புப் பெயர் அங்கேயே ரத்தாகும்.

ஒழுங்கைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. புதுப்பெயரைக் காதால் கேட்பதுகூட அதற்குக் கொடுக்கும் மரியாதை என்று முடிவுகட்டினார்கள். ஏழு மணிக்கு ஒரு வீட்டில் மிக்சி, ஒரு வீட்டில் துளைப்பான், ஒரு வீட்டில் நாயைக் குரைக்கவிடுவது. பத்து மணிக்குப் பெயர்ப்பலகை வந்ததும் கம்பத்தடியில் கூடி நின்று, பலகையை ஏறெடுத்தும் பாராமல் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பழைய பெயர் திரும்பி வரும்வரை இது ஓயாதாம். இதுவரை முப்பத்தொரு பெயர்கள் போய்விட்டன. தலைவர் வேறு யார், குகதாசன்தான்.

“ஒரு நாளைக்கு உந்தப் பகிடி எங்கட தலையிலதான் விடியும்,” என்றாள் தவமலர். அவள் பேசி முடிக்கவில்லை. குகதாசன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சம்பல் கிண்ணம் தரையில் உருண்டது.

அவள் அவசர எண்ணை அழைத்தாள்.

“தங்கள் தெருவின் நடப்புப் பெயர்?” இனிமையான குரல்.

“தெரியாது. கால்வாய்க்கு இஞ்சால, பழைய செங்கல் ஆலைக்குப் பக்கத்தில. அவருக்கு நெஞ்சுநோ, கெதியா வாங்கோ!”

“தனியுரிமைச் சட்டப்படி அழைப்பவரின் இடத்தை நாங்கள் தேடுவதில்லை. நடப்புப் பெயர்?”

“டெட் டாங்கி லேன்!”

“இது கேலி அழைப்பாகப் பதிவுசெய்யப்படுகிறது. இருபது நிமிடங்களுக்கு இந்த எண்ணுக்குச் சேவை இல்லை.”

“உங்கட சேவையில மண் விழ!” அவள் தொலைபேசியைச் சுவரில் எறிந்தாள்.

எதிர்வீட்டு டோரீன் ஓடிவந்தாள். ஒரு காலத்தில் தாதியாக இருந்தவள். தரையில் மண்டியிட்டுக் குகதாசனின் மார்பை அமுக்கத் தொடங்கினாள். “மூச்சு இல்லை, மலர். மின்னதிர்ச்சி கொடுக்க இதயமீட்டி வேண்டும். சீக்கிரம்!” என்றாள். தவமலரின் காதிலிருந்த மொழிபெயர்ப்பி அதைத் தமிழாக்கித் தந்தது, அவசரத்தை மட்டும் விட்டுவிட்டு.

தவமலர் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். “பேர் என்ன? ஆராவது கேட்டனீங்களோ?” ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பதினொரு பேர் தெருவில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெயர் சொல்லாமல் எந்த வண்டியும் அசையாது. குரல் பதிவான ஒருவரைப் பிடித்து அழைக்கச் சொல்லலாமென்றால், அடுத்த தெரு கால்வாய்க்கு அப்பால். ஓடினாலும் பத்து நிமிடம். பக்கத்து வீட்டு கிரஹாம் அறுபது வயதில் செருப்புகூட இல்லாமல் ஓடத் தொடங்கினார்.

பத்து நிமிடம்! அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. கணவர்மேல் கோபம், இந்தக் கூட்டத்தின்மேல் கோபம், சட்டம் போட்டவனைக் கண்டால் கடித்துக் குதறலாம் போன்ற கோபம். அப்போதுதான் கம்பம் கண்ணில் பட்டது. நான்கு நிமிடம். பெயர்த்துறை வண்டியில் இதயமீட்டி கட்டாயம் இருக்கும். அரசாங்க வண்டி எல்லாவற்றிலும் இருக்கும்.

“சிரியுங்கோ,” என்றாள்.

ஒருவர் அவள் தோளைப் பிடிக்க வந்தார்.

“சிரியுங்கோ எண்டு சொல்லுறன்! தினமும் சிரிச்சனீங்கள்தானே? இப்ப சிரியுங்கோ!”

அவளே தொடங்கினாள். கம்பத்தைக் கட்டிப்பிடித்து, மானியின் வாயருகே முகத்தை வைத்து, ஹா ஹாவென்று தொண்டை கிழியச் சிரித்தாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டே சிரித்தார். மானியின் முள் பச்சையைத் தாண்டிச் சிவப்புக்கு ஏறியது. வீட்டுக்குள்ளிருந்து டோரீன் எண்ணும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த எண்ணிக்கை நின்றது. டோரீன் வாசலில் வந்து நின்றாள். இல்லையென்று தலையை மெல்ல ஆட்டினாள். வண்டி அப்போதுதான் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

இறங்கிய இளம் அதிகாரி மானியைப் பார்த்தாள், கையிலிருந்த பலகைக்கணினியைத் திறந்தாள். “அளவு தொண்ணூற்றாறு. இந்தத் தெருவில் இதுவரை பதிவானதிலேயே அதிகம். நடப்புப் பெயர் ரத்து செய்யப்படுகிறது. இப்போதைக்கு இந்தத் தெருவுக்குப் பெயர் கிடையாது. சிரிப்புக்கான காரணம் தயவுசெய்து?”

தவமலர் கம்பத்தை விட்டுவிட்டு அவளருகே போனாள். மற்றவர்களில் ஒருவர் இன்னும் சிரிப்பை நிறுத்த முடியாமல் விக்கிக்கொண்டிருந்தார்.

“என்ர மனுசன் செத்துப்போனார்,” என்றாள். “அதுக்குத்தான் சிரிச்சனாங்கள். எழுது, பிள்ளை. ஒரு சொல்லும் விடாமல் எழுது.”