மூன்றாவது வழி

ஒற்றை வழியை நம்பிய சாம்ராஜ்யம் எதுவும் நிலைத்ததில்லை. கணினித் தகவல் சேமிப்பகப் பொறியாளர் இதை அலுவலகக் கூட்டத்திலும் சொல்வார், கல்யாண வீட்டிலும் சொல்வார், இரண்டிடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு. அவருடைய லினக்ஸ் சர்வரிலிருந்து டிஸ்க் பெட்டிக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று அறுந்தால் வேலை மற்றதன் வழியாக ஓடும், யாருக்கும் தெரியாது. அந்த அமைப்பை எழுதியவர் அவர்தான். கேபிளைப் பிடுங்கிச் சோதித்தாயிற்று என்று கையெழுத்திட்டவரும் அவர்தான். பிடுங்கியதே இல்லை. பயம்.

நாளை மேலாளர் முன்னால் பிடுங்கிக் காட்ட வேண்டும். டிஸ்க் நின்றால் வேலை போய்விடும். அதனால் ஞாயிறு மத்தியானம் ஒத்திகைக்குக் கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தாள்.

“டிஸ்க்குக்கெல்லாம் ரெண்டு வழி வச்சிருக்கீங்க. இந்த வீட்டுக்கு ஒரே ஆளு. அந்த ஆளும் சமையலறைக் குழாயைச் சரிபண்ண மாட்டாரு.”

சர்வர் அறைக் கதவு பின்னால் சாத்திக்கொள்ள, குளிர்காற்றும், சூடேறிய தூசியின் வாடையும், அத்தனை விசிறிகளும் ஒரே மூச்சாக முனகும் சத்தமும் அவரைச் சூழ்ந்துகொள்ள, பச்சை விளக்குகள் தரையில் விழுந்து நெளிவதைப் பார்த்தபடியே திரையில் வழிகளின் நிலவரத்தைக் கேட்டார்.

மூன்று வழிகள் என்றது.

பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கேபிள் இரண்டுதான். அமைப்புக் கோப்பைத் திறந்தார். எழுதியது எழுதியபடி இருந்தது. வழிகளைக் கவனிக்கும் சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அப்போதும் மூன்று. திரை பொய் சொல்கிறது என்று ஆளில்லாத அறைக்கு அதிகாரபூர்வமாக அறிவித்துவிட்டு, முதல் கேபிளைப் பிடுங்கினார். ஒரு வழி செத்தது. டிஸ்க் ஓடியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொய்யை நிரூபிக்க இரண்டாவதையும் பிடுங்கினார். இனி டிஸ்க் நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை.

டிஸ்க்கில் தகவல் எழுதப்படுவதைக் காட்டும் விளக்கு முன்னைவிட வேகமாகத் துடித்தது. கம்பி எதுவும் இல்லை. ஆனாலும் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கதவுக்கு ஓடினார். கதவைத் திறக்கும் அடையாள அட்டையைக் காட்டினார். சிவப்பு. மறுபடி காட்டினார். சிவப்பு. கதவோரத்துச் சின்னத் திரையில், இந்த அட்டைக்குரியவர் ஏற்கெனவே வெளியேறிவிட்டார் என்று வந்தது.

சுவரிலிருந்த போனில் வீட்டைக் கூப்பிட்டார்.

“நான்தான். உள்ள மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்பு.”

அந்தப் பக்கம் மனைவி சிரித்தாள்.

“குரலெல்லாம் நல்லாத்தான் பண்றீங்க. யாரு, ஆபீஸ் ஆளா? எங்க வீட்டுக்காரரு அப்பவே வந்துட்டாரே. இதோ, பக்கத்துலதான் இருக்காரு.”

அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவனின் நிதானத்தோடு வந்தது.

“விடு. ஒண்ணு அறுந்தா என்ன, யாருக்கும் தெரியாது.”

அவருடைய குரல்.

சர்வர் அடுக்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் மூன்றாவது வழி மட்டும் மிஞ்சியது. அவள் போனைச் சரியாக வைக்கவில்லை போலும். காதோடு அழுத்திக்கொண்டார். சமையலறை கேட்டது. தட்டு வைக்கிறார்கள். நாற்காலி நகர்கிறது. இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

மூன்று மாதமாகச் சொட்டிய குழாய் சொட்டவில்லை.