எட்டாயிரம் பேர் சுமந்த முனிரத்தினம்

வீரவணக்க நாள் வரிசை காலை ஆறு மணிக்கே மைதானத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலத்துக்கு மலைப்பாக இருந்தது. ஒரு சுற்றுக்கு இருபது பேர். மாலைக்குள் முப்பது சுற்றாவது நடந்தாக வேண்டும்.

நினைவேற்றி என்ற கருவி வந்த பிறகு மாலை, பொன்னாடை எல்லாம் ஒழிந்துபோயின. வீரர் தலையில் ஒரு வலைத்தொப்பி, வந்தவர்கள் தலையில் ஆளுக்கொன்று. வீரர் நினைக்க வேண்டும். வந்தவர்கள் அதைத் தாங்களே பட்டதாக நான்கு நிமிடம் உணர்வார்கள். தணிகாசலத்திடம் கேட்பது ஒரே நினைவுதான். குண்டடிபட்ட நாயக் முனிரத்தினத்தை முதுகில் சுமந்து, பனிப்புயலில் ஒரு பகல் முழுக்க மலையிறங்கிய நடை. சண்டையில் அவர் நடந்தது ஒருமுறை. இந்தப் பாழாய்ப்போன நாற்காலியில் பதினாலு வருஷமாக நடக்கிறார். மனுஷன் அலுத்துப்போக மாட்டாரா?

ஐந்தாவது சுற்றுக்கு முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரி வந்து நின்றாள். இத்தனை வருஷமும் இந்தத் தொப்பிப் பக்கமே வராதவள்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேண்ணா. அப்பா கடைசியா இன்னா சொன்னாருன்னு கேக்குறா. எனக்கும் தெரியணும்."

இருபத்திரண்டு வருஷமாகத் தணிகாசலம் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. பாதி வழியில் முடியாமல்போய் முனிரத்தினத்தை ஒரு பாறையோரம் இறக்கி வைத்தார். "நீ போடா, ரெண்டு பேரும் சாக வேணாம்" என்றான் அவன். கஸ்தூரியிடம் சொல்லும்படி இன்னும் ஏதோ சொன்னான். இவர் போய்விட்டார். மனசு கேட்காமல் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது உயிர் இல்லை. மீதி வழி சுமந்தது பிணத்தைத்தான். பதக்கத்தோடு வந்த பத்திரத்தில் 'ஒரு கணமும் கீழே வைக்காமல்' என்றிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைவேற்றிக்காரர்கள் சாவு வரும் அந்த இடத்தை மட்டும் தாண்டிப்போகும்படி தடுப்பி போட்டபோது, அப்பாடா என்றுதான் இருந்தது. கஸ்தூரியிடம் சேர வேண்டிய சொல்லும் அதோடு அமுங்கிப்போனது.

இன்றைக்கு அவருக்கு ஒளிக்கவும் தெம்பில்லை. கருவி இயக்கும் ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"அந்தத் தடுப்பிய எடுத்துடும்மா."

"ஐயா, என் வேலை போயிடும்."

"இந்தம்மாவுக்கு மட்டும். ஒரே ஒரு தடவை."

ரெஜினா கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தடுப்பியை எடுத்தாள்.

நான்கு நிமிடம் கழித்துக் கஸ்தூரி தொப்பியைக் கழற்றினாள். "எங்கியும் ஒரு வார்த்த பேசலியேண்ணா அவரு. உன் மூச்சு சத்தம்தான் கேட்டுச்சு."

ரெஜினா திரையை இரண்டு முறை சரிபார்த்தாள். "ஐயா, ஒரு நெனப்ப எடுக்குறப்பல்லாம் மூளை அதைத் திரும்பப் புதுசா எழுதி வைக்கும். நாம தடுப்பி போட்டுத் தாண்டித் தாண்டி, அந்த எடத்தை அது எழுதாமலே விட்டுடுச்சு."

தணிகாசலம் கண்ணை மூடித் தேடினார். இறக்கி வைத்தோம் என்பது யாரோ சொல்லிக் கேட்ட செய்தி போல இருந்தது. பாறை இல்லை, முகம் இல்லை. அடுத்த அடி, அதற்கடுத்த அடி, அவ்வளவுதான். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் இறக்கி வெச்சேம்மா! அவன்தான் என்னப் போகச் சொன்னான். உசுரக் குடுத்தது அவன். உனக்குன்னு ஒண்ணு சொன்னான், அது..." அதற்கு மேல் நினைவில் ஒன்றும் இல்லை.

வரிசையில் நின்ற கண்ணாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "ஐயா தன்னடக்கத்துல பேசுறாரு. மூணு வருஷமா வந்து சுமக்குறேன், எனக்குத் தெரியாதா? ஒரு எடத்துலயும் கீழ வைக்கல."

"ஆமா, எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் கஸ்தூரியைச் சூழ்ந்துகொண்டார்கள். உங்க வீட்டுக்காரரை நானும் தூக்கினேம்மா, நானும்தாம்மா என்று கண் கலங்கினார்கள். பின்னால் யாரோ கைதட்டத் தொடங்க, மைதானமே தட்டியது.

கஸ்தூரி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இத்தினி பேரு தூக்கினீங்களே," என்றாள், "அவரு பேசினது ஒருத்தரு காதுலயுமா உழல?"