பர்கத்துல்லாவின் வெனிஸ் மேசை

மாலை ஐந்து மணி. தேநீர்த் தட்டு தரையில் விழுந்து நொறுங்கிய சத்தமும் சமையற்காரி ரத்தினம்மாளின் அலறலும் ஒன்றாகவே கேட்டன.

பர்கத்துல்லா பாய் தம் அறையில், மேசைமேல் கவிழ்ந்து இறந்து கிடந்தார். முதுகில் ஒரு தையல் கத்தரிக்கோல் செருகியிருந்தது. அது ரத்தினம்மாளுடையது. பின்வராந்தாவில் அவள் தையல் கூடையில் எப்போதும் கிடப்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, சித்திரை மாதம். ரங்கூன் லான்மடா பகுதியில் இருந்த அந்த மாடிவீட்டுக்கு வாசல் பலகையில் ‘கிளப்’ என்று பெயர். உள்ளே நடப்பது சீட்டாட்டம் என்பது ஊருக்கே தெரியும். பாய் இளம் வயதில் கப்பலில் பரிசாரகராக உலகம் சுற்றியவர். வெனிஸ் நகரத்தில் கேட்ட ஒரு கதை அவரை விடவேயில்லை. அங்கே 1638-இல் சர்க்காரே ஒரு சூதாட்ட மாளிகையைத் திறந்ததாம். ரிதோத்தோ என்று பெயர். ஆடுகிறவர்கள் முகமூடி போட்டே ஆக வேண்டும். சீட்டுப் போடுகிற பிரபு மட்டும் முகத்தைக் காட்டி உட்காருவாராம்.

பாய் அதை அப்படியே ரங்கூனுக்கு இறக்குமதி செய்துவிட்டார். நெற்றியிலிருந்து மேலுதடுவரை மூடும் வெல்வெட் முகமூடி, கறுப்பு அங்கி, கையுறை. போதாக்குறைக்கு, மேசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தம் பங்குக்கு ஒரு சட்டம். வெனிஸ்காரனுக்குக் குளிர், போர்த்திக்கொண்டான். சித்திரை வெயிலில் இந்த மனிதர்களுக்கு என்ன தலையெழுத்தோ! ஆனாலும் ஞாயிறு தவறாமல், வரும்போதே வேஷம் போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு நிறத்தில் முகமூடி தைத்துக் கொடுத்தவள் ரத்தினம்மாள். நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்வாள்.

ஐந்தரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் அகஸ்டின் வந்தபோது அவள் கையில் விலங்கு ஏறியிருந்தது. முன்னால் வந்த ஏட்டு முந்திக்கொண்டுவிட்டார். அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள். தூக்குமேடை என்ற ஒரு வார்த்தையைத் தவிர மனத்தில் வேறெதுவும் நிற்கவில்லை.

“கடைசியா முதலாளியை எப்பப் பாத்தே?” என்றார் அகஸ்டின்.

“மத்தியானம் சோறு வச்சப்போய்யா. அப்புறம் தேத்தண்ணி கொண்டு வந்தப்பதான்...”

“நடுவுல?”

“அடுப்படியில இருந்தேன்.”

“கூட யாரு?”

“யாருமில்லை.”

ஆடியவர்கள் மூவரும் கூடத்தில் நின்றார்கள். கழற்றிய முகமூடிகள் மேசைமேல் கிடந்தன. துணிக்கடை அய்யூபின் முகம் குளித்தெழுந்தவர் முகம்போல் வழிந்தது. மரக் கம்பெனி செல்லையாவின் நெற்றியில் இருந்த குங்குமம் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. மூன்றாமவர் சபாபதி, அரிசி ஆலைக்காரர், கிளப்பில் பாதிப் பங்குக்காரர். நெற்றியில் மூன்று பட்டை விபூதி பளிச்சென்றிருக்க, அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“ரெண்டு மணிக்கு உக்காந்தோம் சார்,” என்றார் அய்யூப். “அலறல் கேக்குற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கலை.”

மேசையில் சீட்டுப் போடுகிற கிளப் ஆளும் அதையே சொன்னார்.

“மூணு பேரும் வந்ததை நீ பாத்தியா?” அகஸ்டின் ரத்தினம்மாளிடம் திரும்பினார்.

“பாத்தேன்யா. பச்சை அய்யூப் பாய், நீலம் செல்லையா அண்ணன், சிவப்பு சபாபதி ஐயா. நான்தான் சர்பத் குடுத்தேன்.”

உண்மையைத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல, தனக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்வதும் அவளுக்குப் புரிந்தது. மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் மேசையிலேயே இருந்தார்கள் என்றால், மிச்சம் அவள் ஒருத்திதான்.

“பாய்க்கும் உனக்கும் தகராறு உண்டா?”

“ஐயோ, இல்லைய்யா. காலையில்கூட நல்லாத்தான் பேசினாரு. ‘குடும்பங்கள் அழிஞ்சு போகுதுன்னு வெனிஸ்காரனே கடைசியில மூடிட்டான் ரத்தினம், நானும் இன்னியோட மூடப்போறேன். ஆட்டம் முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் சொல்றேன்’னாரு.”

“பாத்தீங்களா?” சபாபதி முன்னால் வந்தார். “வேலை போயிடும்னு ஆத்திரம். கைக்கு எட்டுற இடத்துல கத்தரிக்கோல். இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?”

ஏட்டு தலையாட்டினார்.

அகஸ்டின் மேசைக்குப் போய் முகமூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். பச்சையில் வியர்வை ஊறியிருந்தது. நீலத்தில் குங்குமச் சிவப்பு. சிவப்பு முகமூடியை மட்டும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார்.

ஜன்னலுக்குக் கீழே கொல்லையில், மாமரத்தடியில், சபாபதியின் குடை பிடிக்கும் ஆள் கோ சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பர்மியப் பையன்கள் வெயிலுக்குப் பூசும் தனாக்கா, அந்த மஞ்சள் மரப்பட்டை விழுது, அவன் கன்னங்களில் திட்டுத் திட்டாகக் கலைந்திருந்தது. அகஸ்டின் ஏட்டின் காதில் ஏதோ சொல்ல, ஏட்டு படியிறங்கி ஓடினார்.

“சபாபதி, இந்த முகமூடியை மூணு மணி நேரம் கழட்டவே இல்லையா?”

“கழட்டலை. கேளுங்களேன் இவங்களை.”

“அப்ப உள்ளே இந்த மஞ்சள் என்ன?”

“சந்தனம். கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்.”

“சந்தனம் எங்கே வச்சுக்குவீங்க?”

“இது என்ன கேள்வி? நெத்தியிலதான்.”

“மஞ்சள் ஒட்டியிருக்கிறது ரெண்டு கன்னத்துலயும். நெத்திப் பக்கம் வெறும் வேர்வை. விபூதி ஒரு துளி இல்லை.” அகஸ்டின் நெருங்கி வந்தார். “செல்லையா நெத்தியைப் பாருங்க, கரைஞ்சு ஓடுது. உங்க பட்டை மட்டும் இப்பத்தான் இட்ட மாதிரி இருக்கே. எப்படி?”

சபாபதியின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“நீங்க இந்த முகமூடியை இன்னிக்குப் போடவே இல்லை. மேசையில உக்காந்தது வேற ஆள், கன்னத்துல தனாக்கா பூசினவன். பேசக் கூடாதுங்கிற சட்டம் உங்களுக்குத் தோதாப் போச்சு. நீங்க பின்படி ஏறி வந்து பாய் கதையை முடிச்சீங்க. தொட்டியில கை, முகம் கழுவினீங்க. கழுவினா நெத்தியை வெறுமையா விடுற வழக்கம் உங்களுக்கு இல்லை. பழகின கை, மடியில இருந்த விபூதியை எடுத்துப் பூசிடுச்சு. இந்தம்மா அலறினதும் எல்லாரும் ஓடினாங்க. அந்தக் கூட்டத்துல அங்கியும் முகமூடியும் கைமாறிச்சு.”

ஏட்டு கோ சானை இழுத்துக்கொண்டு வந்தார். பையன் ‘ஐயா, சயா’ என்று இரண்டு பாஷையிலும் கதறி அகஸ்டின் காலில் விழுந்தான்.

“விளையாட்டுன்னு சொன்னாரு சயா! பாயைக் கேலி பண்ணன்னு சொன்னாரு. தேத்தண்ணி நேரத்துல வெளிய வந்து குடுன்னாரு. கொலைன்னு தெரியாது சயா!”

“கிளப்பை மூடினா நான் தெருவுல நிக்கணும்,” என்றார் சபாபதி, யாரையும் பார்க்காமல். “ஆலை எப்பவோ கை மாறிடுச்சு. எத்தனை தடவை கெஞ்சினேன் தெரியுமா அந்த மனுஷன்கிட்ட?”

ஏட்டு ரத்தினம்மாளின் விலங்கைக் கழற்றி சபாபதிக்கு மாட்டினார். அவரை ஏற்றிப்போன வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

“வீட்டுக்குப் போம்மா,” என்றார் அகஸ்டின். “உனக்கு ஒண்ணுமில்லை.”

அவள் போகவில்லை. அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். உள்ளே பாயின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

“என் உசுரை நினைச்சே நின்னுட்டேன்யா,” என்றாள். “இந்த மனுஷன் செத்துட்டாருங்கிறதே இப்பத்தான் உறைக்குது.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அகஸ்டின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றார்.