நாலு ரோட்டில் நிற்பது யார்?

படம் வருவதற்கு இன்னும் சரியாக ஆறு நாள் இருந்தது.

ஊரில் யாருக்கும் வேறு பேச்சே இல்லை. எல்லாம் அந்தப் படத்துக்குக் கதை தந்த புத்தகத்தால் வந்தது. ‘நிற்கிறேன்’ என்று அதற்குப் பெயர். ஒல்லியான புத்தகம்தான். ஆனால் அதைப் படிக்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

கதை இதுதான்: நாலு சாலைகள் கூடும் இடத்தில் ஒன்று நிற்கிறது. போகிறவர்களைப் பார்க்கிறது. வருகிறவர்களைப் பார்க்கிறது. யோசிக்கிறது. ‘அவர்கள் போகிறார்களா, இல்லை, நான்தான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேனா?’ என்று கேட்கிறது. பதில் மட்டும் சொல்லாது.

வேடிக்கை என்னவென்றால், நிற்பது யார் என்று புத்தகம் கடைசிவரை வாயே திறக்காது. மனிதனா, மரமா, நாயா? ‘நான்’, ‘நான்’ என்றே எல்லாப் பக்கமும் ஓடிவிடும்.

படத்தில் அப்படித் தப்பிக்க முடியாதே! திரையில் யாரையாவது காட்டித்தானே ஆக வேண்டும்?

இதை யோசித்து யோசித்து மிளகுக்கு மண்டை காய்ந்தது. மிளகு என்பது பட்டப்பெயர். வயது பத்து. ஆள் சிறிசு, காரம் பெரிசு.

முதலில் அப்பாவைப் பிடித்தாள். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்:

“இதுல என்ன குழப்பம்? அது பஸ் ஸ்டாப் கம்பம். எல்லாரும் சாஞ்சுக்குவாங்க. ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

“கம்பம் யோசிக்குமாப்பா?”

“சும்மாதானே நிக்குது? வேற என்ன வேலை அதுக்கு?”

அடுத்து அம்மா. அம்மாவுக்குத் தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை.

“அம்மா, போஸ்டர் வந்துடுச்சாமே! யாரும்மா அது? என்கிட்ட மட்டும் சொல்லு.”

“போஸ்டர்ல நாலு ரோடு இருக்கு. நடுவுல காலியா இருக்கு.”

“காலியாவா?”

“நானும் திருப்பிப் போட்டுக்கூடப் பாத்துட்டேன். பின்னாடி வெறும் வெள்ளை.”

தெருக்கோடித் தையற்காரரைக் கேட்டாள். “கடை வாசல்ல நிக்கிற பொம்மை. சந்தேகமே வேணாம்” என்றார். வகுப்பு ஆசிரியையைக் கேட்டாள். “அது நம்ம எல்லாருடைய மனசுதான்” என்றார் அவர். மனசு எப்படி நாலு ரோட்டில் போய் நிற்கும்? மிளகுக்கு இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். நிற்பது மைல்கல். அதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அது சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மழையில் நனைந்தாலும் தும்மவில்லை. அறிவியல்படி அதற்கு உயிர் இருக்க முடியாது.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. யாரிடம் சொல்வாள்? பெரியவரிடம்தான்.

பெரியவர் அவளுடைய வகுப்புத் தோழன். அவனுக்கும் பத்து வயதுதான். ஆனால் பேச்சு அறுபது வயசு. அதனால் வகுப்பே அவனை அப்படித்தான் கூப்பிடும். அவனுடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் எப்போதாவது போன் கிடைக்கும். அப்போதெல்லாம் ‘நிற்கிறேன்’ புத்தகத்தில் ஐந்தாறு பக்கம் அவனுக்குப் படித்துக் காட்டுவார். எட்டு மாதத்தில் புத்தகத்தையே முடித்துவிட்டார்கள்.

அப்பா வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறார், வெள்ளிக்கிழமை படம். பெரியவர் சனிக்கிழமையே மூன்று டிக்கெட் வாங்கிவிட்டான். தனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று. “நான் நடுவுல உக்காந்துக்கறேன். ரெண்டு பக்கமும் விளக்கம் சொல்ல வசதியா இருக்கும்” என்று அன்றைக்குச் சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மிளகு பெஞ்சின்மேல் ஏறி நின்று தன் கண்டுபிடிப்பை அறிவித்தாள்.

பெரியவர் தலையை ஆட்டினான். “இல்ல. அது மனுஷன்.”

“மனுஷன்னா வீட்டுக்குப் போக மாட்டானா?”

“காத்துட்டு இருக்காரு.”

“யாருக்காக?”

அவன் டப்பாவிலிருந்த சோற்றைக் கிளறினான். எப்போதும் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற ஆள்.

“பாத்தீங்களா, பெரியவருக்கே தெரியல!” என்றாள் மிளகு. “அது கல்லுதான். வெயிலடிச்சா என்ன, யாரும் வராட்டி என்ன? கல்லுக்கு வலிக்கவா போகுது?”

வகுப்பே சிரித்தது. பெரியவர் சாப்பாட்டு டப்பாவை மூடினான். பாதி சாப்பாடு உள்ளேயே இருந்தது. எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

மிளகுக்கு ஒன்றும் புரியவில்லை. போன மாதம் திமிங்கலம் மீனா இல்லையா என்று இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?

செவ்வாய்க்கிழமையும் அவன் பேசவில்லை. “யோவ் பெரியவரே!” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். அவளும் எட்டிப் பார்த்தாள். வெளியே ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

“உன் பெரியவர் இன்னிக்குக் கவுன்ட்டருக்கு வந்தாரு. ‘அத்தை, சிரமத்துக்கு மன்னிக்கணும். இதுல ஒரு டிக்கெட் தேவைப்படாது’ன்னு ஒட்டியிருந்த மூணுல ஒண்ணைக் கிழிச்சுத் திருப்பிக் கொடுத்தான்.”

மிளகு துள்ளி எழுந்தாள். “எந்த டிக்கெட்?”

“ஓரத்து டிக்கெட். யாருக்கு வேணாம்னு நான் கேக்கல. பின்னாடி க்யூ தெரு வரைக்கும் நின்னுச்சு.”

கேட்க என்ன இருக்கிறது? ஓரத்து டிக்கெட் அவளுடையதுதானே. ஒரு கல்லுக்காக அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்!

முதலில் கோபம் வந்தது. புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். பிறகு அழுகை வந்தது. அதன் பிறகு மறுபடியும் குழப்பம்தான் வந்தது. பெரியவர் பொசுக்கென்று கோபப்படுகிற ஆள் இல்லை. அவன் காலை யாராவது மிதித்தால்கூட, “பரவாயில்ல, இன்னொரு கால் இருக்கு” என்பான். அப்படிப்பட்டவனுக்கு எங்கே சுட்டது?

புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள். மைல்கல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மனிதன் என்று நினைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘மழை பெய்கிறது. நான் நகரவில்லை. நகர்ந்துவிட்டால், வருகிறவர் என்னை எங்கே தேடுவார்?’

கல் என்று நினைத்துப் படித்தபோது இந்த இடத்தில் அவள் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி வைத்தாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் நேராகப் பெரியவர் வீட்டுக்கு ஓடினாள். கீழே அவன் அம்மாவின் லாண்டரி. மேலே வீடு. உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் தடதடவென்று சுற்றியது. அவன் அம்மா சட்டைகளில் நம்பர் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார்.

“வாம்மா மிளகு. ரெண்டு நாளா ஆளையே காணோமே?”

“அத்தை, உங்களுக்கு அது யாரு? நாலு ரோட்டுல நிக்கிறது?”

அவர் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்தார். “யாரும் வாங்க வராத கோட்டு” என்றார். “இதோ, ஆணியில தொங்குது பாரு. தினமும் தூசி தட்டி வைக்கிறேன். எப்ப வேணா வந்து கேக்கலாமில்ல?”

ஆக, கோட்டும் சேர்ந்துவிட்டது. மிளகு பெருமூச்சு விட்டுக்கொண்டே மாடி ஏறினாள்.

பெரியவர் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் புத்தகம்.

“நீ சொன்னதுதான் சரி” என்றாள் மூச்சு வாங்க. “அது மனுஷன்.”

“இல்ல” என்றான் அவன். “அது மைல்கல்.”

“என்னது?”

“நேத்து முழுக்கக் கல்லுன்னு நெனச்சே படிச்சேன். நல்லா இருக்கு. கல்லுன்னா யாரு வந்தா என்ன, வராட்டி என்ன? நிம்மதியா நிக்கலாம்.”

“அதெப்படி? அறுபத்திரண்டாம் பக்கத்தை எடு! ‘என்னை எங்கே தேடுவார்’னு கேக்குதே. கல்லு இப்படிக் கேக்குமா?”

“கல்லுக்கு ஆயுசு அதிகம். யோசிக்க நேரம் இருக்கும்.”

“அது மழையில நிக்குதுடா! பாவமா இல்லையா உனக்கு?”

“மழையில நின்னும் தும்மலையே. அறிவியல்படி…”

“என் அறிவியலை எனக்கே சொல்லாதே!”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் மிளகும் சிரித்தாள். கீழே இயந்திரம் சுற்றி நின்ற பிறகும் இவர்கள் சிரிப்பு நிற்கவில்லை.

மிளகு அவனுக்குப் பக்கத்தில், அதே படியில் நெருக்கி உட்கார்ந்தாள்.

“கல்லுக்கு வலிக்கவா போகுதுன்னு சொன்னேனே, அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள். “நான் என்ன கல்லா இருந்தா பாத்திருக்கேன்?”

“பரவாயில்ல” என்றான் பெரியவர். குரல் மட்டும் பத்து வயசுக் குரலாக இருந்தது.

“ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. இதுக்காகவா என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தே?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “உன்னோடதா? உன்னோடதை நான் எதுக்குக் கொடுக்கப்போறேன்?”

“அப்ப யாரோடது?”

பெரியவர் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினான். மிளகு அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு அது பழக்கமே இல்லாத வேலை. இருந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பாவோடது” என்றான் கடைசியில். “ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. கப்பலை வேற துறைமுகத்துக்கு அனுப்பிட்டாங்களாம். இன்னும் மூணு மாசம் ஆகும். அப்பா வரல, மிளகு. யார்கிட்டயுமே நான் இதைச் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”