கண்ணாடிப் பெட்டிக்குள் கரி

அலறல் கலைக்கூடம் முழுவதும் எதிரொலித்தது!

அலுவலக அறையில் மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே குப்புறக் கிடந்தார் முதலாளி. பின்மண்டை பிளந்திருந்தது. நரைத்த முடியில் ரத்தம்... ரத்தத்தோடு கரி!

தகவல் கிடைத்து வந்த பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வாசலில் நின்றவளின் கைகளைப் பார்த்தார்.

விரல் இடுக்கெல்லாம் கரி.

அவள்தான் இன்று தொடங்கவிருந்த கண்காட்சியின் கலைஞர். அங்கே அவளுக்குக் 'கரிக்கை' என்றே பெயர். வீடு வீடாக அலைந்து, புழங்கிய இரும்பு வாணலிகளைச் சேர்த்து, அந்தக் கரியில் குடும்பங்களின் கதை இருக்கிறது என்று தனிக் கண்காட்சியே வைத்துவிட்டவள்.

"காலையில முதலாளிகூட சண்டையாமே?"

"ஆமா. வாணலியை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. ஜனங்க தொட்டுப் பார்க்கணும், கையில கரி ஒட்டணும். அதுக்குத்தாம்மா இத்தனை பாடு. சாவி கேட்டேன், தரலை."

"கோவம் தலைக்கேறிடுச்சு..."

"கோவம் வந்துச்சு. கொலை பண்ணலை."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நம்புவதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?

முதலாளியின் மருமகன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். கலைக்கூடத்தின் மேனேஜர். எல்லோருக்கும் 'மாப்பிள்ளை'. மாமா தன்னைப் பெற்ற பிள்ளையாகவே பார்த்தார் என்று கண்ணைக் கசக்கினான். 'உங்களை சும்மா விடமாட்டேன்' என்று கரிக்கை கத்தியதைத் தன் காதாலேயே கேட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். தயக்கம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

ஏட்டு மூச்சு வாங்க வந்தார். மூலை முடுக்கெல்லாம் தேடியும் ஆயுதம் கிடைக்கவில்லையாம். கரி இருக்கிறது, சண்டை இருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாமா என்று காதைக் கடித்தார்.

கரிக்கை கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போனால் வெளியே வர எத்தனை வருஷமோ!

"ஒரே ஒரு தடவை என் கண்காட்சியைப் பார்த்துட்டு வந்துடறேம்மா."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஆனால் ஓரடி பின்னாலேயே நடந்தார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே எண்ணெய் மினுமினுக்கும் கரிய வாணலிகள்.

கடைசிப் பெட்டியின் முன் கரிக்கை நின்றாள்.

"ஐயையோ... இதை யாரு கழுவினது?"

கைதாகப் போவதையே மறந்து அழுதாள். ஒரு கேன்டீனில் காலமெல்லாம் புழங்கிய வாணலியாம். சோப்புப் போட்டுத் தேய்த்து நாசம் பண்ணிவிட்டார்களாம்.

நடிக்கிறாளோ?

இன்ஸ்பெக்டர் குனிந்தார். இந்த ஒரு வாணலியில் மட்டும் மினுமினுப்பு இல்லை. வெளிறிய இரும்பு. அதில் திட்டுத் திட்டாகச் செந்துரு! அடியில் இன்னும் ஈரம். இரும்பு வாணலியை ஈரத்தோடு வைத்தால் ஒரு பொழுது தாங்காது. புகுந்த வீட்டில் அவர் வாங்கிய முதல் திட்டே அதற்குத்தான்.

பூட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சாவி யார்கிட்ட?"

மாப்பிள்ளையின் கை தன்னையறியாமல் பாக்கெட்டைப் பொத்தியது.

"மா... மாமாகிட்டதான் இருந்துச்சு."

ஏட்டு அந்தப் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார்.

"அப்ப இது?"

மாப்பிள்ளைக்கு முகம் வெளிறியது. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கலைக்கூடப் பொறுப்பை இளைய மகளிடம் கொடுக்கப் போகிறேன், நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். படம் எடுக்க வெளியே எடுத்திருந்த வாணலி மாப்பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது. ஒரே போடு!

கரிக்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

ஜீப்பில் ஏறும்போதும் மாப்பிள்ளைக்கு ஆறவில்லை.

"ரத்தம், ரேகை, எல்லாம் போற மாதிரி சுத்தமாத்தானே கழுவினேன்..."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"கழுவினா போதுமா சார்? துடைச்சு, எண்ணெய் தடவி வைக்கணும். ஒரு நாளாவது சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா, இந்நேரம் தப்பிச்சிருப்பீங்க!"