இரண்டு தட்டு

ஓடி நின்ற இன்ஜின் சூடு ஆறும்போது டக்டக்கென்று சத்தம் போடும், அதில் அதிசயமில்லை. ஆனால் மல்லேஸ்வரத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற அந்த நீலநிறக் காரை நேற்றிலிருந்து யாரும் ஸ்டார்ட்டே செய்யவில்லை என்றாள் தீபிகா. ஹரிஷ்குமார் பானட்டைத் தூக்கி இன்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. இருந்தும் உள்ளே எங்கோ இரும்பின் மேல் இரும்பு பட்டது. டக், டக். பிறகு ஒன்றுமில்லை.

வெளியே சாயங்கால மழை சரிவுப் பாதையில் வழிந்து வந்து மூலைச் சாக்கடையில் குபுகுபுவென்று இறங்கியது. ஈரச் சிமெண்டும் பழைய ஆயிலும் கலந்த வாசனையில் குழல்விளக்கு ஒன்று அணைவதா எரிவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இன்ஜின் மாத்தின வண்டின்னு ஒருத்தர் சொன்னாருண்ணா. எந்த வண்டியோட பிளாக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு ஆர்.டி.ஓ.ல பிளாக்ல அடிச்ச நம்பரைப் பாப்பாங்க. அது சரியில்லன்னா நான் வாங்கல" என்றாள் தீபிகா. ஈரோட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண். விற்பவன் ஒரு நாள் வைத்துச் சோதித்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன வண்டி.

"ஆராமா, நிதானமா பாக்கலாம் மேடம்" என்றான் ஹரிஷ்குமார். மாற்றியமைத்த பழைய வேகக் கார்களைச் சோதித்துச் சொல்வதுதான் இப்போது அவன் தொழில். கொஞ்சம் பெயரும் உண்டு. வார்ப்பைப் பார்த்தே பிளாக் எதனுடையது என்று சொல்லிவிடுவான்.

டார்ச்சை அடித்தான். டர்போ, பளபளக்கும் குழாய்கள், புதிதாகச் சுற்றிய வயர்கள். அத்தனை அலங்காரத்துக்கும் கீழே, பிளாக்கின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் மெல்லிய மெரூன் கோடு.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

இறுக்கிய போல்ட்டில் அடையாளம் வைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் மனைவியின் நெயில் பாலிஷால் வைத்தவன் அவனுக்குத் தெரிந்து ஒருவன்தான். நீலசந்திராவிலிருந்து அவனிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த அய்யாவு. மனைவி சரளாவின் மெரூன் பாட்டில் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். "மார்க் வெச்ச போல்ட்டு என்னுதுணா. எவன் கை வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்" என்பான்.

ஜீவனஹள்ளியில் அப்போது ஹரிஷ்குமார் வைத்திருந்த ஷெட்டில், கம்ப்ரஸர் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அடியில் படுத்து வேலை செய்பவன் ஸ்பேனரால் இரும்பைத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் தூக்கு. ஒரு தட்டு என்றால் இறக்கு. மேலே செயினைப் பிடித்திருப்பவனுக்கு அதுதான் மொழி.

அன்று தொங்கியது திருட்டு இன்ஜின். செயின் தேய்ந்திருந்ததும் ஹரிஷ்குமாருக்குத் தெரியும். நழுவிய பிளாக் அய்யாவுவின் நெஞ்சில் இறங்கியது. கத்த அவனிடம் மூச்சில்லை, கையில் ஸ்பேனர் இருந்தது. டக், டக். தூக்கு. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும், போலீஸ் நம்பரைப் பார்க்கும். ஹரிஷ்குமார் செயினைத் தொடவில்லை. கை கிரைண்டரை எடுத்து முதலில் நம்பரை அழித்தான். பொறிகள் அய்யாவுவின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தன. டக், டக். டக், டக். நம்பர் அழிந்தபோது தட்டலும் நின்றிருந்தது.

"கஷ்டப்பட்டாராண்ணா?" என்று சரளா கேட்டாள்.

"இல்லம்மா, உடனே போயிட்டான்" என்றான். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவளுடைய நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பர் இருக்காண்ணா?" தீபிகாவின் குரல் அவனை இங்கே இழுத்து வந்தது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அடியில் நுழைந்தான். நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டரின் கீறல்கள். அவன் கையே போட்டவை. அந்தக் கீறல்களுக்குள்ளிருந்து எண்கள் வேர்க்குரு மாதிரி மெல்லப் புடைத்துக்கொண்டிருந்தன. விரலை வைத்தான். விரலுக்கடியில் இன்னொன்று எழும்பியது. நாளைக்கு இதை ஒருவன் படிப்பான். படித்தால் திருட்டு, திருட்டிலிருந்து ஷெட், ஷெட்டிலிருந்து அய்யாவு.

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி அவனுக்குக் கிடைத்தது.

"ஒரிஜினல் பிளாக்குதான் மேடம். மேல ஸ்வல்ப துரு இருக்கு. தேச்சுக் காட்டறேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா. நான் மேல போய் காபி கொண்டாரேண்ணா." லிஃப்ட் கதவு மூடியது.

அரத்தை எடுத்தான். முழங்கை ஸ்டாண்டில் இடித்தது. அதை இழுத்து அப்பால் தள்ளினான். ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கடியில் போகாதே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்கிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

தேய்த்தான். இரும்புத்தூள் உதட்டில் விழுந்து ரத்தம் போல் ருசித்தது. எண்கள் அழியவில்லை. அழுத்தித் தேய்த்தான். நெயில் பாலிஷ் வாசனை. காட்டமாக. இப்போதுதான் பூசியது போல. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தான். விரலில் மெரூன்.

டக், டக்.

"அய்யாவு" என்றான். "சரளாகிட்ட சொல்லிடறேன்யா. சத்தியமா சொல்லிடறேன். இது மட்டும் முடிச்சுடறேன்."

கை மட்டும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஜாக்கி இறங்கும் சத்தம் கேட்கவேயில்லை. இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப் அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டது. பிறகு பொத்தான் நெஞ்சில் பதிந்தது. பிறகு மூச்சு வெளியே போனது. திரும்பி வரவில்லை.

லிஃப்ட் மணி. செருப்புச் சத்தம். காபி மணம்.

"அண்ணா? அடியிலதான் இருக்கீங்களா?"

வாய் திறந்தது. குரல் இல்லை. ஒரு கை மட்டும் அசைந்தது. அதில் அரம். பிளாக்கில் தட்டினான்.

டக், டக்.

"ஓ, வேலை நடக்குதா. மெதுவா முடிங்கண்ணா, அவசரமில்ல." டம்ளரைத் தரையில் வைத்தாள். காத்திருந்தாள். அவள் கால்விரல்கள் அவனுக்குத் தெரிந்தன.

டக், டக்.

டக், டக்.

பிளாக்கின் உள்ளேயிருந்து பதில் வந்தது. நிதானமாக.

டக்.

ஒரே ஒரு தட்டு. அவன் கண்ணெதிரே ஈரம் காயாத மெரூன் கோடுகள் எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்கின.